கணக்கும் திரையும்: கொட்டியாரக்குடா அலை மாதிரிக்கு இடைமுகம் கட்டுதல்

திருகோணமலைத் துறைமுகத்தைக் கணினிக்குள் கொண்டுவர முயல்பவருக்கு முதல் இடைஞ்சல் ஆழத்தினால் வருகிறது. கொட்டியாரக்குடாவின் வாயிலேயே கடற்படுகை பிளந்து, ஆழ்கடலை நோக்கி ஒரு பெரும் பள்ளத்தாக்கு இறங்குகிறது. உலகின் பெரிய கடலடிப் பள்ளத்தாக்குகளில் ஒன்றான அது 3000 மீட்டருக்கும் கீழே போகிறது. கப்பலோட்டிகளுக்கு வரமான இந்த ஆழம் அலைக்கணக்குப் போடுபவருக்குப் பெருஞ்செலவு. அந்தச் செலவைப் புரிந்துகொண்ட பிறகுதான் ஃபோர்ட்ரானுக்கும் திரைக்கும் போக வேண்டும். இந்த அத்தியாயத்தில் நாம் எடுக்கும் முடிவுகள் பலவும் அங்கிருந்தே பிறக்கின்றன.

சுனாமி போன்ற நெடிய அலையின் வேகத்தை ஆழமே தீர்மானிக்கிறது. புவியீர்ப்பு முடுக்கத்தை ஆழத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வேகம் கிடைக்கும். 4000 மீட்டர் ஆழத்தில் அது மணிக்கு 700 கிலோமீட்டரைத் தாண்டும். 10 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 36 கிலோமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடும். கடலைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, நொடிக்கு நொடி நீர்மட்டத்தை முன்னெடுத்துச் செல்லும்போது, ஒரு நேரப்படிக்குள் அலை ஒரு கட்டத்தைத் தாண்டி ஓடிவிடக் கூடாது. கூரன்ட், ஃபிரீட்ரிக்ஸ், லெவி ஆகிய மூவர் 1928இல் எழுதிய நிபந்தனை இது. மீறினால் எண்கள் வெடித்துச் சிதறும்.

20 மீட்டர் கட்டங்களை எடுத்துக்கொள்வோம். உட்துறைமுகத்தில் 30 மீட்டர் ஆழமே இருக்கிறது என்றால், இரு திசையிலும் ஓடும் அலைக்கு நேரப்படியை 0.8 நொடி வரை வைக்கலாம். அதே வலைக்குள் பள்ளத்தாக்கின் 1000 மீட்டர் ஆழமுள்ள ஒரு கட்டம் அகப்பட்டுவிட்டால் நேரப்படி 0.14 நொடிக்கு இறங்கிவிடும். அந்த ஒரு கட்டத்துக்காக வலை முழுவதும் கிட்டத்தட்ட ஆறு மடங்கு மெதுவாக நடக்க வேண்டும். ஆகவே நுண்வலையின் கிழக்கு ஓரத்தை எங்கே வெட்டுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தேவைக்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூடப் பள்ளத்தாக்குக்குள் நீட்ட வேண்டாம். வெளிக்கடலைப் பெரிய கட்டங்கள் கொண்ட பருவலையிடம் விட்டுவிடுங்கள்.

இனிக் கணக்கின் அளவு. 20 கிலோமீட்டருக்கு 20 கிலோமீட்டர் பரப்பு, 20 மீட்டர் கட்டம் என்றால் பத்து இலட்சம் கட்டங்கள். நான்கு மணி நேர அலையை 0.125 நொடிப் படிகளில் நடத்தினால் 1,15,200 படிகள். ஒவ்வொரு படியிலும் பத்து இலட்சம் கட்டங்களையும் தொட வேண்டும். ஒரு கோரில் இதை ஓடவிட்டுக் காத்திருப்பது பாடம் படிக்க உதவுமே தவிர வேலைக்கு உதவாது. 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்ராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்தபோது இலங்கையில் காலை 6.59. கிழக்குக் கரையை அலை எட்ட இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. கிண்ணியா, மூதூர், நிலாவெளிக் கரைகள் அன்று இழந்ததை இந்த மாவட்டம் மறக்கவில்லை. அந்தக் கடலைக் கணக்கிடும் புரோகிராம் விரைவாக ஓட வேண்டும். அதன் முன் உட்காரும் உத்தியோகத்தருக்கு ஃபோர்ட்ரான் தெரியாமலும் இருக்கலாம். இணைக்கணிப்பும் இடைமுகமும் ஒன்றாகத் தேவைப்படுவது இதனால்தான்.

ஒரு விடயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். நாம் கட்டப்போவது கற்கவும் திட்டமிடவும் உதவும் மாதிரி. சுனாமி எச்சரிக்கையை வெளியிடும் பொறுப்பு வளிமண்டலவியல் திணைக்களத்துடையது. அதை ஊர்களுக்குக் கொண்டுசேர்ப்பது அனர்த்த முகாமைத்துவ நிலையம். உங்கள் திரையில் தெரிவதைக் கைபேசிக் குழுக்களில் பகிராதீர்கள்.

முன்னோடிகள் எப்படிச் செய்தார்கள்

2004க்குப் பிறகு இந்துமாக்கடல் நாடுகளுக்கென ஒரு நல்ல முன்மாதிரி கிடைத்தது. அமெரிக்காவின் நோவா நிறுவனத்தின் சுனாமி ஆய்வு மையம் உருவாக்கிய காம்மிட் என்ற இடைமுகம் அது. உள்ளே ஓடுவது டிட்டோவ், சினோலாகிஸ் ஆகியோரின் மோஸ்ட் மாதிரி. அது ஃபோர்ட்ரானில் எழுதப்பட்டது. வெளியே தெரியும் திரை ஜாவாவில் எழுதப்பட்டது. பயனர் வரைபடத்தில் நிலநடுக்கப் பகுதியைத் தேர்ந்தெடுப்பார். ஆழ்கடல் பயணம் முன்பே கணக்கிட்டு வைத்த தரவுத்தளத்திலிருந்து வரும். கரையோரத்துக்கான மூன்று அடுக்கு வலைகளை மட்டும் மோஸ்ட் அவருடைய சொந்தக் கணினியில் கணக்கிடும். ஃபோர்ட்ரான் ஒரு வரிகூடத் தெரியாத கரையோர நாட்டு அலுவலர்களும் பயிற்சிப் பட்டறைகளில் இதைக் கொண்டு தங்கள் துறைமுகத்தை ஓட்டிப் பார்க்க முடிந்தது.

ஹைதராபாதில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தில் 2007 ஒக்டோபரில் தொடங்கிய இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம், ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் பிறந்த துனாமி என்ற ஃபோர்ட்ரான் மாதிரியைக் கொண்டு முன்கூட்டியே கணக்கிட்ட காட்சிகளின் களஞ்சியத்தை வைத்திருக்கிறது. ஜியோகிளா என்ற மாதிரியில் கணக்கு ஃபோர்ட்ரானில், ஓபன்எம்பி துணையோடு ஓடுகிறது. ஏற்பாடுகளும் படங்களும் பைத்தானில். மூன்றிலும் ஒரே பாங்கைக் காணலாம். கனமான கணக்கு ஒருபுறம், மனிதர் தொடும் பகுதி மறுபுறம், நடுவே தெளிவான எல்லை. நாமும் அதே வழியில் போவோம்.

இரண்டு வழிகள், என் தேர்வு

ஃபோர்ட்ரானைத் திரையோடு சேர்க்க இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, ஃபோர்ட்ரானைப் பகிர்வு லைப்ரரியாகத் தொகுத்து, பைத்தானோ சி++ஓ அதை நேரடியாக அழைப்பது. ஃபோர்ட்ரான் 2003 தந்த சி இணைப்பு வசதியால் இது எளிதாகிவிட்டது. இரண்டாவது, ஃபோர்ட்ரானைத் தனிப் புரோகிராமாகவே வைத்து, திரை அதைத் தொடக்கி, அதன் வெளியீட்டைக் கேட்டுக்கொண்டிருப்பது.

பல மணி நேரம் ஓடும் மாதிரிகளுக்கு இரண்டாவது வழியையே நான் பரிந்துரைக்கிறேன். ஃபோர்ட்ரானில் ஸ்டாப் என்ற கட்டளை புரோகிராம் முழுவதையும் முடித்துவிடும். லைப்ரரிக்குள் எங்கோ ஒரு மூலையில், ஆழக்கோப்பு கிடைக்கவில்லை என்று பழைய சப்ரூட்டின் ஒன்று ஸ்டாப் சொன்னால், உங்கள் அழகான திரையும் ஒரு சொல் சொல்லாமல் மறைந்துவிடும். அணியின் எல்லையைத் தாண்டி எழுதினாலும் அதே கதி. பழைய மாதிரிகளில் இப்படிப்பட்ட ஸ்டாப்கள் பத்து இருபது கிடக்கும். தனிப் புரோகிராமாக இருந்தால் இறப்பது கணக்கு மட்டுமே. திரை உயிரோடு இருந்து, என்ன நடந்தது என்று பயனரிடம் தமிழில் சொல்லும்.

இன்னொரு நன்மையும் உண்டு. பிறகு எம்பிஐக்கு மாறி, ஆய்வுக்கூடத்தின் பல கணினிகளில் ஓட்ட விரும்பினால், திரை தொடக்கும் கட்டளை மட்டும்தான் மாறும். எம்பிஐ புரோகிராமுக்குள்ளேயே திரையை வைத்தவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தால் இந்த எல்லையின் அருமை புரியும்: எந்தப் பிரதி சாளரத்தைத் திறப்பது, மற்றவை எதற்குக் காத்திருப்பது என்ற குழப்பத்திலேயே நாட்கள் போய்விடும்.

கணக்கை இணையாக்குதல்

ஒரு மடிக்கணினிக்கு ஓபன்எம்பி போதும். அதன் முதல் ஃபோர்ட்ரான் வரையறை 1997இல் வெளிவந்தது. இன்று எந்தக் கம்பைலரிலும் இருக்கிறது. டூ லூப்புக்கு மேலே ஒரு வழிகாட்டு வரி எழுதினால் வேலை கோர்களிடையே பிரியும். ஆனால் எந்த லூப்பைப் பிரிப்பது என்று யோசிக்க வேண்டும்.

ஃபோர்ட்ரான் அணியில் முதல் சுட்டெண்தான் நினைவகத்தில் அடுத்தடுத்து ஓடும். கிழக்கு மேற்கை முதல் சுட்டெண்ணாகவும் வடக்கு தெற்கை இரண்டாவதாகவும் வையுங்கள். உள்லூப் கிழக்கு மேற்காக ஓடட்டும். வெளிலூப்பை, அதாவது வடக்கு தெற்கை, கோர்களுக்குப் பிரியுங்கள். நினைவக ஒழுங்குக்கு இது ஏற்றது. திருகோணமலையின் நில அமைப்புக்கும் ஏற்றது. நம் கரை ஏறத்தாழ வடக்கு தெற்காக ஓடுவதால், குறுக்கே வெட்டிய ஒவ்வொரு பட்டையிலும் மேற்கே கொஞ்சம் நிலமும் கிழக்கே கொஞ்சம் கடலும் விழும். நெடுக்காக வெட்டினால் தம்பலகமம் பக்கத்துப் பட்டை பெரும்பாலும் நிலமாகி, அதன் கோர் சும்மா இருக்கும். கடற்பக்கக் கோர் மட்டும் உழைக்கும்.

அப்படியும் சமமாகப் பிரியாது. நிலாவெளிப் பட்டையைவிடக் கொட்டியாரக்குடாப் பட்டையில் நீர் அதிகம். புதிய மடிக்கணினிகளில் வேகமான கோர்களும் மெதுவான கோர்களும் கலந்தே வருகின்றன. சமமாகப் பங்கிட்டால் வேகமானவை முடித்துவிட்டு மெதுவானவற்றுக்காகக் காத்துக்கிடக்கும். பதினாறு வரிசைகளாகச் சிறு துண்டுகள் ஆக்கி, முடித்தவர் அடுத்ததை எடுக்கும் டைனமிக் ஒழுங்கைக் கொடுங்கள்.

கோர்கள் எட்டு இருந்தால் வேகமும் எட்டு மடங்கு ஆகும் என்று எதிர்பார்க்காதீர்கள். இவ்வகைக் கணக்கில் பெருக்கல் கூட்டலைவிட நினைவகத்திலிருந்து எண்களைக் கொண்டுவருவதே பெரிய வேலை. நீர்மட்டம், இரு திசை நீரோட்டம், ஆழம் என்று ஓர் அணிக்கு 8 மெகாபைட். பழைய, புதிய பிரதிகளையும் சேர்த்தால் சிறு கணினியின் கேஷ் நினைவகத்தில் அடங்காது. பல மடிக்கணினிகளில் நான்கு கோர்களுக்கு மேல் இலாபம் மெலியத் தொடங்கும். அதனால் எட்டில் ஆறையோ ஏழையோ கணக்குக்குக் கொடுத்து, மிச்சத்தைத் திரைக்கு விடுங்கள். கணக்கில் இழப்பது சொற்பம். திரையோ சொன்னவுடன் அசையும்.

ஃபோர்ட்ரானுக்கே உரிய சில பொறிகளைக் கவனியுங்கள். சப்ரூட்டினுக்குள் ஒரு மாறியை அறிவிக்கும் வரியிலேயே அதற்குத் தொடக்க மதிப்பும் கொடுத்தால், அது அழைப்புகளுக்கிடையே மதிப்பைத் தக்கவைக்கும் மாறியாகிவிடும். எல்லாத் திரெட்களும் அந்த ஒன்றையே பகிர்ந்துகொள்ளும். இது கண்ணுக்குத் தெரியாத பிழை. ஒரு திரெட்டில் ஓட்டினால் வரவே வராது. அறிவிப்பைத் தனியாகவும் மதிப்பை அடுத்த வரியிலும் எழுதுங்கள். லூப்புக்குள் வரும் தற்காலிக மாறிகளும் சொல்லாவிட்டால் பகிரப்படும். டிஃபால்ட் நன் என்று போட்டுவிட்டால் ஒவ்வொரு மாறியையும் பெயர் சொல்லிப் பிரிக்கக் கம்பைலர் உங்களைக் கட்டாயப்படுத்தும். பெரிய உள்ளணிகள் திரெட்டின் ஸ்டாக்கில் உட்கார்ந்து புரோகிராமைக் கவிழ்க்கும். அவற்றை அலொகேட் செய்யுங்கள். நீர்மட்டத்தைப் புதுப்பிக்கும் லூப் முழுமையாக முடிந்த பிறகே நீரோட்ட லூப் தொடங்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் ஓபன்எம்பி தானாக வைக்கும் காத்திருப்பை, வேகத்துக்கு ஆசைப்பட்டு நீக்காதீர்கள்.

இரண்டும் பேசிக்கொள்ளும் முறை

ஃபோர்ட்ரான் தன் நிலையை வழமையான வெளியீட்டில் ஒரு வரி ஒரு வரியாக எழுதட்டும். திரை அந்த வரிகளைக் கேட்கட்டும். எடுத்துக்காட்டாக, ஒவ்வொரு மாதிரி நிமிடத்துக்கும், அதாவது 480 படிகளுக்கு ஒரு முறை, படத்தின் எண், மாதிரி நேரம், அதியுயர் நீர்மட்டம் ஆகிய மூன்றும் ஒரு வரியில். அவ்வளவே போதும்.

இங்கே பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. முனையத்தில் ஓட்டும்போது வரிகள் உடனுக்குடன் வரும். திரை வழியாக ஓட்டினாலோ முன்னேற்றப் பட்டை நெடுநேரம் அசையாது, இறுதியில் ஒரே பாய்ச்சலில் நூறு வீதத்தைத் தொடும். கணக்கில் பிழை இல்லை. வெளியீடு குழாய்க்குள் போகும்போது ஃபோர்ட்ரான் அதைத் தேக்கி வைத்து மொத்தமாக விடுகிறது. ஒவ்வொரு வரிக்கும் பின் ஃபிளஷ் என்ற கட்டளையைச் சேர்த்தால் தீர்ந்தது.

படங்களைக் கோப்பாக எழுதுங்கள். வழக்கமான வடிவமில்லா வரிசைக் கோப்பில் ஃபோர்ட்ரான் ஒவ்வொரு பதிவுக்கும் முன்னும் பின்னும் தன் அளவுக்குறியைச் செருகும். பைத்தான் பக்கம் படிக்கும்போது படம் நகர்ந்து, கோணேசர் மலை கடலுக்குள் போயிருக்கும். கோப்பைத் திறக்கும்போதே ஸ்ட்ரீம் அணுகலைக் கேளுங்கள். தரவு மட்டும் எழுதப்படும். ஒழுங்கு முக்கியம்: எழுதி, கோப்பை மூடி, அதன் பிறகே வரியை அச்சிட்டு ஃபிளஷ் செய்ய வேண்டும். வரி வந்த பிறகே திரை கோப்பைத் தொடும். அரைகுறைக் கோப்பைப் படிக்கும் தொல்லை இப்படித்தான் நீங்கும்.

கணக்கு இரட்டைத் துல்லியத்தில் ஓடட்டும். படத்துக்கு ஒற்றைத் துல்லியம் தாராளம். பத்து இலட்சம் கட்டங்களுக்கு ஒரு படம் 4 மெகாபைட். 240 படங்கள் ஒரு கிகாபைட்டை நெருங்கும். நாலுக்கு நாலு கட்டங்களைச் சேர்த்து ஒரு புள்ளியாக்கினால் மொத்தமும் 60 மெகாபைட்டில் அடங்கும். சேர்க்கும்போது சராசரி எடுக்காதீர்கள். பதினாறில் மிக உயர்ந்ததை எடுங்கள். வெள்ளம் எங்கே ஏறியது என்று தேடுபவருக்குச் சராசரி உண்மையை மறைத்துவிடும்.

நிறுத்து பொத்தானுக்கு எளிய வழி உண்டு. அழுத்தியதும் திரை ஓட்டக் கோப்புறையில் ஒரு வெற்றுக் கோப்பை உண்டாக்கும். ஃபோர்ட்ரான் ஒவ்வொரு நிமிடப் படத்தின் முடிவிலும், இணைப்பகுதிக்கு வெளியே, அது இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் எல்லாவற்றையும் முறையாக மூடிவிட்டு விடைபெறும்.

திரையின் பக்கம்

கியூடி, டிகே எதுவாயினும் சட்டம் ஒன்றுதான்: சாளரத்தைத் தொடும் வேலை முதன்மைத் திரெட்டில் மட்டும், அந்தத் திரெட் ஒருபோதும் காத்திருக்கக் கூடாது. கோப்பு படிக்க நேரம் எடுக்குமென்றால் அதையும் வேறு திரெட்டிடம் கொடுங்கள். படங்கள் திரை வரையும் வேகத்தைவிட விரைவாக வந்தால் வரிசையில் சேர்க்காமல் இடையில் உள்ளவற்றை விட்டுவிட்டு, கடைசியாக வந்ததை வரையுங்கள். கணக்கு திரைக்காக ஒரு நொடிகூட நிற்க வேண்டியதில்லை.

எதைக் காட்டுவது? வண்ணப்படம் கண்ணுக்கு இனியது. ஆனால் முடிவெடுப்பவருக்கு வேண்டியது ஊர்ப்பெயரும் நேரமும் உயரமும். மூதூர் இறங்குதுறை, கிண்ணியாப் பாலம், சீனக்குடா, டச்பே, உப்புவெளி, நிலாவெளி என்று சில புள்ளிகளை வைத்து, ஒவ்வொன்றிலும் முதல் அலை எப்போது வந்தது, அதியுயர் மட்டம் எப்போது, எவ்வளவு என்று ஓர் அட்டவணை காட்டுங்கள். படத்துக்குப் பக்கத்தில் அட்டவணை, கீழே ஒரு புள்ளியின் வரைகோடு. இதற்கு மேல் பொத்தான்களைக் குவிக்க வேண்டாம். உராய்வுக் குணகம் போன்றவற்றை வேறு தாவலில் ஒதுக்கிவிடுங்கள்.

அந்தப் புள்ளிகளின் பெயர்களைத் தமிழிலேயே ஃபோர்ட்ரானுக்கு அனுப்பினால் வம்பு வரும். ஃபோர்ட்ரானின் எழுத்து மாறி பைட்களை எண்ணுகிறது. யூடிஎஃப் 8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். கிண்ணியா என்பது நமக்கு நான்கு எழுத்து. உள்ளே எட்டுக் குறியீடு, 24 பைட். இருபது இடம் ஒதுக்கியிருந்தால் யா அறுந்து, கோப்பில் குப்பை எழுத்துத்தான் மிஞ்சும். பெயர்களைத் திரையிடமே வைத்துக்கொண்டு, ஃபோர்ட்ரானுக்கு 1, 2, 3 என்ற எண்களை மட்டும் அனுப்புங்கள். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அதே திரையைத் தர வேண்டிய நாட்டில் இருக்கிறோம். இந்தப் பிரிவு அதற்கும் கைகொடுக்கும்.

நேரத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. கணக்கு முழுவதும் நிலநடுக்கத்திலிருந்து கடந்த நொடிகளில் ஓட வேண்டும். கடிகார நேரமாக மாற்றுவது திரையின் வேலை. 2004 நிகழ்வை ஓட்டும்போது, இன்றைய ஐந்தரை மணி வித்தியாசத்தை உலக நேரத்தோடு கூட்டினால் 6.29 என்று காட்டும். அன்று இலங்கைக் கடிகாரம் ஆறு மணி வித்தியாசத்தில் இருந்தது. 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. அரைமணி பிசகினால், அன்று கரையில் நின்றவர்களின் சாட்சியத்தோடு உங்கள் கணக்கு ஒத்துப்போகாது. தவறு மாதிரியில் என்று நினைத்து வாரக்கணக்கில் தேடுவீர்கள். கொழும்பு நேர வலயத்தைப் பெயர் சொல்லிக் கேட்டால் லைப்ரரியே இந்த வரலாற்றைப் பார்த்துக்கொள்ளும்.

ஆழத் தரவைத் திரையிலேயே தெரிய வையுங்கள். இலவசமாகக் கிடைக்கும் ஜெப்கோ உலக வலையின் கட்டம் 15 வில்நொடி, ஏறத்தாழ 460 மீட்டர். நம் துறைமுக வாய்க்காலின் அகலமே 500 மீட்டர் அளவுதான். 1630 ஹெக்டேயர் உட்துறைமுகத்துக்கு வழிவிடும் வாயை ஒரே கட்டத்தால் வரைய வேண்டியிருக்கிறது. சில வேளை அது அடைபட்டே போகும். அந்தத் தரவில் நுண்வலையை ஓட்டி, அலை துறைமுகத்துக்குள் வரவில்லை என்று மகிழ்வதில் அர்த்தமில்லை. கடல் வரைபடத்தின் ஆழ அளவுகளைச் சேர்த்தே ஆக வேண்டும். அவை தாழ்நீர் மட்டத்திலிருந்து அளக்கப்பட்டவை. உலக வலையும் நில உயரமும் பொதுவாகச் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து. பழைய வரைபடங்களில் அலகு மீட்டரும் அல்ல, நம் மீனவர்கள் பாகம் என்று சொல்லும் ஃபாதம். ஒரு பாகம் 1.83 மீட்டர். எந்தக் கோப்பு எந்த மட்டத்தில், எந்த அலகில் என்று கேட்கும் இரு தெரிவுகள் தரவை ஏற்றும் திரையில் கட்டாயம் இருக்க வேண்டும். பதில் சொல்லாமல் தொடங்கு பொத்தான் உயிர்பெறக் கூடாது.

லைப்ரரி வழியே போவோருக்கு

சில நொடிகளில் முடியும் சிறு கணக்குகளுக்கு நேரடி அழைப்பு வசதியானதுதான். பைத்தானின் எஃப்2பை கருவி ஃபோர்ட்ரான் சப்ரூட்டினைச் சுற்றி அழைக்கத்தக்கதாக்கும். ஆனால் அழைத்த திரெட் பைத்தானின் பொதுப்பூட்டைப் பிடித்துக்கொண்டே உள்ளே போகும். ஃபோர்ட்ரான் ஆறு கோர்களில் பறந்தாலும் திரை உறைந்தே நிற்கும். சப்ரூட்டினுக்குள் திரெட்சேஃப் என்ற எஃப்2பை குறிப்பைச் சேர்த்தால் பூட்டு விடுபடும். அழைப்பையும் தனித் திரெட்டிலிருந்து செய்ய வேண்டும். சிடைப்ஸ் வழியாக வழமைபோல் ஏற்றிய லைப்ரரிக்கு இந்தக் கவலை இல்லை, அது தானே பூட்டை விடும். இந்த வழியில் போவதானால், ஃபோர்ட்ரான் கோப்புகளில் ஸ்டாப் என்று தேடி, ஒவ்வொன்றையும் பிழை எண் திருப்பும் வரியாக மாற்றிய பிறகே தொடங்குங்கள்.

மின்சாரம் போனால்

2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டோம். நீண்ட ஓட்டத்துக்கு மீள்தொடக்கக் கோப்பு கட்டாயம். நீர்மட்டமும் இரு நீரோட்டங்களும் சேர்ந்து 24 மெகாபைட். பத்து மாதிரி நிமிடத்துக்கு ஒரு முறை எழுதுவது பாரமே இல்லை. இரண்டு கோப்புகளில் மாறி மாறி எழுதுங்கள்; ஒன்றை எழுதும் கணத்தில் மின்சாரம் போனாலும் மற்றது முழுமையாக இருக்கும். திரை திறக்கும்போது முடியாத ஓட்டம் ஏதும் உண்டா என்று பார்த்து, விட்ட இடத்திலிருந்து தொடரவா என்று கேட்கட்டும்.

ஒப்படைக்கும் முன் சோதனைகள்

முதலாவது, அசையா நீர்ச் சோதனை. நிலநடுக்கம் எதுவும் கொடுக்காமல் ஒரு மணி நேர மாதிரி நேரத்துக்கு ஓட்டுங்கள். நீர்மட்டம் பூச்சியத்திலேயே நிற்க வேண்டும். பள்ளத்தாக்கின் செங்குத்துச் சரிவில் தானாக அலை எழுந்தால் உங்கள் கணிப்பு முறை சரிவைச் சமன்செய்யவில்லை; அதைத் திருத்தாமல் எந்தப் படத்தையும் நம்பாதீர்கள்.

இரண்டாவது, அதே புரோகிராமை ஒரு திரெட்டிலும் ஆறு திரெட்டிலும் ஓட்டி இறுதிக் கோப்புகளை பைட்டுக்கு பைட் ஒப்பிடுங்கள். ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாகக் கணக்கிடப்படுவதால் அவை அச்சொட்டாக ஒத்திருக்க வேண்டும். ஒரு பைட் மாறினாலும் திரெட்கள் எங்கோ ஒன்றன் எண்ணை மற்றது மிதிக்கிறது என்று பொருள். மொத்த நீர்க்கொள்ளளவு போன்ற கூட்டுத்தொகை மட்டும் விதிவிலக்கு: கூட்டும் ஒழுங்கு மாறினால் அதன் கடைசி இலக்கங்கள் மாறலாம். அதில் பதற ஒன்றுமில்லை.

மூன்றாவது சோதனையை நிரலாளர்கள் அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். ஓட்டம் நடுவில் இருக்கும்போது சாளரத்தை மூடிப் பாருங்கள். பிறகு பணி மேலாளரைத் திறந்து, ஃபோர்ட்ரான் இன்னும் ஓடுகிறதா என்று பாருங்கள். திரை போனபின்னும் அது ஆறு கோர்களைப் பிடித்தபடி ஓடிக்கொண்டிருந்தால், அடுத்து வருபவர் கணினி ஏன் இப்படி இழுக்கிறது என்று தெரியாமல் திண்டாடுவார். மூடும் நிகழ்வில், நிறுத்தவா அல்லது பின்னணியில் தொடரவா என்று கேளுங்கள். நிறுத்தச் சொன்னால் நிறுத்தக் கோப்பை உண்டாக்கிச் சிறிது நேரம் பொறுங்கள். அடங்காவிட்டால் வலிந்து முடியுங்கள். தொடரச் சொன்னால் அதையும் ஒரு குறிப்பாகக் கோப்புறையில் எழுதிவையுங்கள். திரையே செயலிழந்து போகும் வேளைக்காக, அது சில நொடிக்கு ஒரு முறை புதுப்பிக்கும் துடிப்புக் கோப்பு ஒன்றை வைத்து, தொடரும் குறிப்பு இல்லாத நிலையில் அது ஐந்து நிமிடமாகப் புதுப்பிக்கப்படவில்லை என்றால் மீள்தொடக்கக் கோப்பை எழுதிவிட்டு ஃபோர்ட்ரான் தானே முடித்துக்கொள்ளும்படி செய்யுங்கள்.